சேர்த்துக் குறுக்கிடல்: சரியா வருமா?

அண்ணே வணக்கம். நெட்வொர்க் கார்டு பாக்கெட் வர்ற ஒவ்வொரு தடவையும் சிபியுவைக் குறுக்கிடாம, சேத்து வச்சு ஒரு தடவை கூப்பிடுதே, அந்த 'இன்டரப்ட் கோயலெஸிங்'குக்கு (interrupt coalescing) தமிழா நீங்க போட்ட 'குறுக்கீட்டு ஒருங்கிணைப்பு' எனக்கு ஒட்டல. புதுசா படிக்கிற பிள்ளைக பாக்கெட்டையே ஒண்ணாக்குறாங்கன்னு நினைச்சுக்கும், பாக்கெட்டை ஒண்ணாக்குற வேலைக்கு ஜிஆர்ஓ, எல்ஆர்ஓன்னு வேற வசதிக தனியா இருக்கு. இங்க கார்டு சிபியுவைக் கூப்பிடுற தடவை மட்டும்தான் குறையுது.

நம்ம மதுரை பெரியார் ஸ்டாண்டுல மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோவைப் பாருங்க, ஒத்தை ஆளுக்கு எடுக்க மாட்டாரு, சீட்டு ரொம்பணும் இல்ல கொஞ்ச நேரம் பாத்துட்டு கிளம்பிருவாரு, ஆனா ஏறுன ஆளு ஆளாத்தான் இருக்காங்க, கோரிப்பாளையத்துல ஒருத்தர் கே.கே.நகர்ல ஒருத்தர்னு அவங்கவங்க எடத்துல இறங்கிக்கிறாங்க. லினக்ஸ்ல கார்டோட அமைப்பை மாத்துற ஈத்டூல்ல (ethtool) இதுக்கு இருக்கிற ரெண்டு அளவும் அதே தான், ஒண்ணு எத்தனை பாக்கெட், இன்னொண்ணு எத்தனை மைக்ரோசெகண்ட். மொதல்ல ஏறுனவரு காத்துக் கிடக்கணும், அந்தத் தாமதம் தான் லேட்டன்சி. கிகாபிட் லிங்க்ல 1500 பைட் பாக்கெட்டா நெறைஞ்சு வந்தா செகண்டுக்கு 81,000 தாண்டும், ஒவ்வொண்ணுக்கும் கூப்பிட்டா சிபியு வேற எந்த வேலையைப் பாக்கும்?

'ஒருங்கிணைப்பு'க்குப் பதிலா 'திரட்டல்'னு வைக்கலாம், நல்ல சொல்லு தான், ஆனா டிஎம்ஏ (கார்டே நேரா மெமரியில படிக்கிறது, எழுதுறது) பக்கம் சிதறல்-திரட்டல்னு (scatter-gather) வருது, ஒரே டிரைவர்ல ரெண்டும் இருக்கும். அதனால 'சேர்த்துக் குறுக்கிடல்'னு வச்சா என்ன? சேத்துட்டு ஒரு தடவை குறுக்கிடுது, அவ்வளவு தான். 'சேர்ப்பு நேரம்', 'சேர்ப்பு எண்ணிக்கை'ன்னு கிளையும் விடலாம்.

பேரு இவ்வளவு முக்கியமான்னு கேக்காதீங்க. லினக்ஸ் டிரைவர் ஒண்ணை வேற ஃப்ரேம்வொர்க்குக்கு மாத்தும்போது பட்டுட்டேன். ஒரு எடத்துல 125 மைக்ரோசெகண்ட்னு இருக்கும், இன்னொரு எடத்துல செகண்டுக்கு 8000 குறுக்கீடுன்னு இருக்கும், அந்தக் கார்டு ரெஜிஸ்டர்ல (கார்டுக்குள்ள அளவை எழுதி வைக்கிற எடம்) 256 நானோசெகண்ட் ஒரு அலகு, அங்க 488 எழுதணும், மூணும் ஒரே விஷயம். நான் 125ஐ அப்படியே ரெஜிஸ்டர்ல எழுதிட்டேன், 32 மைக்ரோசெகண்ட் ஆகிப்போச்சு, செகண்டுக்கு 31,250 குறுக்கீடு வரைக்கும் வருது, ரெண்டு ராத்திரி போச்சு. அளவோட பேருலயே நேரமா வீதமான்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்.

விண்டோஸ்ல இதையே மாடரேஷன்னு சொல்றாங்க, அதுக்கு நம்ம குழுமங்கள்ல புழங்குற 'மட்டுறுத்தல்' இருக்கு, 'குறுக்கீட்டு மட்டுறுத்தல்'னே விட்டுரலாம். செகண்டுக்கு இத்தனைன்னு வர்ற அளவுக்கு மட்டும் 'குறுக்கீட்டு வீத வரம்பு' நீளமாப் படுது. சின்னதா ஏதும் தோணுதாண்ணே?