50 எல்பி பிரெய்டையும் அறுக்குது, 80 போடவா? (அவசரம்)

வவுணதீவான் · வெள்ளி இரவு 10.47
எல்லாருக்கும் வணக்கம். விடிய திரும்பப் போறம், சுறுக்காச் சொல்லுங்க. இந்த மாதத்தில மூணு தரம் பெரிய மீன் அடிச்சு மூணு தரமும் அறுத்துக்கொண்டு போயிட்டுது. தூண்டிலுக்குப் போட்ட பிரெய்ட் (பின்னின நூல்) முதல் 20 எல்பி (றாத்தல்) தாங்கிறது, பிறகு 30, போன கிழமை 50. அம்பதும் ஒரு இழுவைக்கு நிக்கல்ல. 80 போட்டா நிக்குமா? எந்தப் பிராண்ட் நல்லம்?

கல்லடி மச்சான் · இரவு 10.55
என்ன மீன்? எந்தக் குளம்? என்ன இரை? தூண்டில் றொட்ல என்ன எழுதியிருக்கு? இதொண்டும் சொல்லாம 80 போடவா எண்டா என்னத்தச் சொல்ற மச்சான்.

வாவிக்கரையான் · இரவு 11.02
கொடுவாதான், வேற ஒண்டுமில்ல. கொடுவாட செவுள் மூடி சவர பிளேட் மாதிரி. வெளியில பாஞ்சு தலையை உதறக்க நூல் அதில பட்டா எத்தின எல்பி எண்டாலும் போயிரும். பிரெய்டுக்கு முன்னால 50 எல்பி தங்கூசி (நைலோன் நூல்) ஒரு பாகம் (ஆறடி) லீடரா, இரைக்குக் கிட்ட வாற முன் துண்டாக் கட்டு. நான் பாலமீன்மடுப் பக்கம் அப்பிடித்தான் போடுறன்.

ஒலுவில் காக்கா · இரவு 11.10
வவுணதீவான் எண்டா போறது உன்னிச்சைப் பக்கமாத்தான் இருக்கும். குளத்துக்குள்ள கொடுவா எங்கால வாற? அது கடல் மீன் மனே.

வாவிக்கரையான் · இரவு 11.14
காக்கா, முட்டைக்குத்தான் அது உப்புத்தண்ணிக்குப் போறது. குஞ்சு நன்னீருக்கு ஏறி வந்து வளரும். குயின்ஸ்லாந்தில மொண்டுரான் எண்ட அணைக்குளத்தில 2010இல 44.64 கிலோக் கொடுவா பிடிச்சிருக்காங்க. குளமா இல்லையா?

ஒலுவில் காக்கா · இரவு 11.19
அவன் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறான். உன்னிச்சைக்கு ஆர் விட்ட? நீ விட்டியா?

பழைய கை · இரவு 11.31
இதே கேள்விக்கு இங்க நானே எத்தினையோ தரம் பதில் எழுதியாச்சு, தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்ல. "எல்பி" எண்டு பெட்டியில போட்டிருக்கிறத நம்பி நூல் வாங்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: நூலின்ட தடிப்பைப் பாருங்க. பிஇ எண்டு போட்டிருக்கிறது தடிப்பு நம்பர், பிஇ 1 எண்டா 0.165 மில்லிமீற்றர். பிஇ 2 எண்டா 0.235. பிஇ 3 எண்டா 0.285. மலிவு நூலில 50 எண்டு அடிச்சிருப்பான், நிறுத்துப் பார்த்தா பாதிதான் தாங்கும். அடிப்படை தெரியாம 80க்குப் போறது வீண் செலவு.

கல்லடி மச்சான் · இரவு 11.34
பழைய கை அண்ணனுக்கு வகுப்பு தொடங்கிட்டுது.

சாகாமம் சிவப்பு · இரவு 11.52
எனக்கெண்டா ட்ராக்கில, அதான் மீன் இழுக்கக்குள்ள றீல் நூலை வழுக விடுற இறுக்கத்தில, சந்தேகம். முழுக்க இறுக்கி வச்சிட்டு மல்லுக்கட்டுறவங்கதான் கூட அறுக்கிறது. நூல் தாங்கிறதில மூணில ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. 30 எல்பி எண்டா 13.6 கிலோ, ட்ராக் நாலு, நாலரைக் கிலோவில வழுக்கத் தொடங்கோணும். தராசு இல்லாட்டி 5 லீற்றர் கேனில தண்ணி நிரப்பு, நூல் நுனியக் கேனில கட்டு, றொட்டால தூக்காம றீலைக் கையில பிடிச்சு மெதுவாத் தூக்கு. கேன் எழும்பக்கொள்ளையே நூல் ஓடினா சரி. ஓடாம அப்பிடியே தூக்கிச்செண்டா இறுக்கம் கூட.

வவுணதீவான் · சனி காலை 4.41
உன்னிச்சைதான். பிரெய்ட். றப்பர் தவளை போடுறன். மீனைக் காணல்ல, ஆனா தாமரைக்குப் பக்கத்தில செம்மஞ்சள் நிறத்தில குஞ்சுக் கூட்டம் மேல வந்து வந்து போகுது, அதுக்குள்ள எறிஞ்சாத்தான் அடிக்குது. கிளம்பிட்டம், வந்து பாக்கிறன்.

ஒலுவில் காக்கா · காலை 5.20
கொடுவாவாம்! விரால் மனே, விரால். தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழ காவல் நிக்குது. பசியில அடிக்கல்ல அது, குஞ்சுக்குக் கிட்ட வந்ததக் கலைக்க அடிக்குது. அதுக்குள்ள எறிய வேணாம். தாயைத் தூக்கினா அவ்வளவு குஞ்சையும் மத்த மீன் ஒரு பொழுதில திண்டு தீர்த்திரும்.

வாவிக்கரையான் · காலை 6.05
சரி, விரால் எண்டு ஒத்துக்கிறன். அதுக்காகப் பிடிக்க வேணாம் எண்டா எப்பிடி? சந்தையில விராலுக்கு நிக்கிற சனத்தைப் பார்த்திருக்கீங்களா? ஊரெல்லாம் வலை போட்டு அள்ளுறான், தூண்டில்காரன் ஒருத்தனுக்கு மட்டும் ஞாயம் சொல்றீங்க.

ஒலுவில் காக்கா · காலை 6.12
வலைக்காரன் வயித்துக்குப் போடுறான். இவர் மூணு தவளையோட மூணு விராலை ஓட விட்டிருக்கார். வாயில தூண்டில் முள்ளோட அது எப்பிடி இரை எடுக்கும்? உம்மா சத்தியமா எனக்கு அதுதான் வயிறெரியுது.

கல்லடி மச்சான் · காலை 6.30
வயிறெரியிறதுக்குக் காக்காக்குத் தனி இழை ஒண்டு திறந்து குடுங்கப்பா.

மண்டூர் வளையம் · காலை 9.15
சண்டையை அங்கால வச்சிட்டு ஒரு கேள்வி. அறுந்த நுனி எப்பிடி இருந்தது? அதை ஒருத்தரும் கேட்கல்ல.

சுருள் விழுந்து பண்டி வால் மாதிரி இருந்தா முடிச்சு வழுக்கினது. பிரெய்ட் சறுக்கிற சாமான், தங்கூசிக்குப் போடுற முடிச்சு அதில நிக்காது. பலோமர் முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு நனைச்சு இறுக்கோணும். கத்தியால வெட்டின மாதிரி இருந்தா பல்லோ கல்லோ சிப்பியோ. மயிர் மயிராப் பிஞ்சு கிடந்தா நூல் எதிலயோ உரசி உரசித் தேஞ்சிருக்கு. மற்றது, எவடத்தில அறுந்தது? தவளைக்குக் கிட்டவா, லீடர் முடிச்சிலயா, அதுக்கும் மேலயா?

மூணு நாலு கிலோ விரால் 22 கிலோ தாங்கிற நல்ல நூலை நேரா இழுத்து அறுக்க ஏலாது. தண்ணிக்குள்ள மீனுக்குப் பாரமே இல்ல, இழுவை மட்டும்தான். தாமரைத் தண்டில சுத்தினாலும் முதல்ல முள்ளு நிமிரும், இல்லாட்டி றொட் முறியும். 20, 30, 50 மூணும் அறுந்தா பிழை நூலில இல்ல. நூலை மாத்தி மாத்திப் போட்டீர், மாத்தாம இருந்தது என்ன?

பழைய கை · காலை 9.40
நான் சொன்ன தடிப்பு விசயத்தையும் சேர்த்துப் பார்க்கோணும். மலிவு நூல் எண்டா மூணுமே மலிவு நூல்தானே.

சாகாமம் சிவப்பு · காலை 10.02
அதுவும் இருக்கலாம். ஆனா அண்ணன், நூல் ஆகலும் கூடாதெண்டா எறியக்குள்ளயே தவளை பறக்கும்.

வவுணதீவான் · சனி பின்னேரம் 6.58
இண்டைக்கும் போச்சு. பக்கத்தில நிண்டவன் என்ட அதே 50 நூலில ரெண்டு தூக்கினான். யானை வரப்போகுது எண்டு வெள்ளனவே ஏறி வந்திட்டம். நுனி பஞ்சு மாதிரிக் கிடக்கு. தவளை, லீடர், அதுக்கு மேல ரெண்டு பாகம் பிரெய்ட் எல்லாம் சேர்ந்து போயிட்டுது. முடிச்சில அறுக்கல்ல.

மண்டூர் வளையம் · சனி இரவு 7.20
அப்ப மீன்ட வாயும் இல்ல, முடிச்சும் இல்ல. அதே நூல் அவன்ட றொட்ல நிண்டிருக்கு. உம்மட றொட்ட எடும். காதுக்குப் போடுற பஞ்சுக்குச்சி ஒண்டால நூல் ஓடுற ஒவ்வொரு வளையத்தின்ட உள் விளிம்பையும் சுத்தித் தடவிப் பாரும், நுனி வளையத்த ரெண்டு தரம். உள்ளுக்குப் பீங்கான் மாதிரி ஒரு வட்டம் இருக்குமே, அது எங்கயாவது அடிபட்டா மயிரளவு வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு கொழுவினா அதுதான் கத்தி. தங்கூசி கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். பிரெய்ட் மெல்லிய இழைகளைப் பின்னின சாமான், பாரம் ஏற ஏற இழை இழையா வெட்டிக் கொண்டே போகும். 80 போட்டிருந்தா அதையும் வெட்டியிருக்கும்.

வாவிக்கரையான் · இரவு 7.31
இருந்தாலும் லீடர் போடுறது நல்லம்.

கல்லடி மச்சான் · இரவு 7.33
அவர் லீடர் போட்டுத்தான் இருக்கார், வாசி மச்சான்.

ஒலுவில் காக்கா · இரவு 8.04
இப்ப நாலு தவளை. கணக்கு வச்சிக் கொண்டிருக்கன்.

வவுணதீவான் · திங்கள் மத்தியானம் 12.26
நுனி வளையம்தான். பஞ்சு அப்பிடியே ஒட்டிச்சு. போன மாதம் பைக்கில கொண்டு போகக்குள்ள செங்கலடியில ஒரு கேட்டில அடிபட்டது, அதச் சொல்ல மறந்திட்டன். நன்றி அண்ணன்.

கல்லடி மச்சான் · மத்தியானம் 12.30
மறந்திட்டாராம்.

பழைய கை · பகல் 1.15
80 தேவையில்லை எண்டு நான் முதல் நாளே எழுதியிருக்கன், மேல போய்ப் பார்க்கலாம்.

மண்டூர் வளையம் · பகல் 1.48
கடைக்குக் குடுக்கத் தேவையில்ல தம்பி. நுனி வளையம் பசையிலதான் நிக்கிற. கொதிதண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் பிடிச்சு, துணியால பிடிச்சு நேரா இழுத்தாக் கழரும். திருக வேணாம், றொட் நுனி முறிஞ்சிரும். புதுசு வாங்கக்குள்ள றொட் நுனித் தடிப்பை மில்லிமீற்றரில அளந்து கொண்டு போம், குழாய் அளவு சரியா இருக்கோணும். ஒட்டுறதுக்கு சுப்பர் குளூ போட வேணாம், அடுத்த தரம் கழட்ட ஏலாது. சூடாக்கி உருக்கிற பசைக்குச்சி போதும். அதோட 50 பிரெய்டில முன்னுக்கு ஒரு பத்துப் பாகம் வெட்டி எறியும், அதுவும் தேஞ்சுதான் இருக்கும்.

சாகாமம் சிவப்பு · திங்கள் இரவு 9.10
தம்பி, பழைய வளையத்தின்ட படம் ஒண்டு போட ஏலுமா? எங்கட பொடியனுகளுக்குக் காட்டலாம்.

சாகாமம் சிவப்பு · வியாழன் இரவு 8.37
தம்பி?

ஒலுவில் காக்கா · வியாழன் இரவு 8.50
ஆள் குளத்தடியிலதான் நிப்பார். குஞ்சுக் கூட்டத்துக்குள்ள எறியாம இருந்தாச் சரி.