மாமாவுக்கு ஸ்டென்ட், கூட்டாளியின் வாப்பாவுக்கு ஒப்பரேஷன்: பெருநாடி கிழிந்த இரண்டு பேரின் கதை

பெருநாடி கிழிந்தால் நெஞ்சைத் திறக்காமல், நாடிக்குள் வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் போட்டே முடித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேருக்குப் பெருநாடிச் சுவர், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடியின் சுவர், கிழிந்தது. ஒருவர் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் தாய்மாமா, மற்றவர் அக்கரைப்பற்றில் என் கூட்டாளியின் வாப்பா. ஒரே வருத்தம், ஆனால் வைத்தியம் முழுக்க வேறு.

மாமா வட்டையில் நிற்கும்போது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கிழிக்கிற மாதிரி நோவு, பிறகு அது வயிற்றுக்கு இறங்கியது. முதலில் காட்டிய இடத்தில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. நோவு நிற்காததால் 1990 அம்புலன்சுக்கு அழைப்பு எடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டொக்டர் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார், பெரிய வித்தியாசம். ஈசிஜியில் ஒன்றுமில்லை. உடனே நாளத்தில் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அவருக்கு நாங்கள் ஆயுளுக்கும் கடமைப்பட்டவர்கள், ஏனென்றால் இதை மாரடைப்பு என்று நினைத்து இரத்தக்கட்டி கரைக்கிற ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

பெருநாடிச் சுவருக்கு மூன்று படை. உள்படை கிழிந்தால் இரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து இன்னொரு பாதை வெட்டிக்கொண்டு போகும். இதயத்திலிருந்து மேலே ஏறும் பகுதி அதில் மாட்டினால் டைப் ஏ. மாமாவுக்கு இடக்கைக்குப் போகும் நாடியைத் தாண்டி, கீழே இறங்கும் பகுதியில்தான் கிழிவு, அது டைப் பி.

கொழும்புக்கு மாற்றினார்கள், 300 கிலோமீற்றருக்கு மேல், வழி முழுக்க மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. அங்கேயும் முதலில் பிரஷரையும் நாடித்துடிப்பையும் குறைக்கும் லபெட்டலோல் மருந்துதான், நாடித்துடிப்பு 60க்குக் கீழே, மேல் பிரஷர் 100க்கும் 120க்கும் இடையில் நிற்க வேண்டும் என்றார்கள். மாமி என்னைப் பிடித்துக்கொண்டு, "கிழிஞ்சதைத் தைக்காம பிரஷர் மருந்து ஏத்திக்கிட்டிருக்காங்களே தம்பி" என்று அழுதார். சிக்கல் இல்லாத டைப் பிக்கு அதுதான் முதல் வைத்தியம் என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். அப்புறம்தான் மாமாவின் இடது கால் குளிர்ந்து மரத்தது, வயிற்று நோவும் கூடியது. உறுப்புகளுக்கு இரத்தம் போகவில்லை என்றால் காத்திருக்க ஏலாது. தொடை இடுக்கு நாடி வழியாகத் துணி போர்த்த ஸ்டென்டைக் கொண்டுபோய் கிழிவின் வாயை மூடினார்கள், இரத்தம் பழைய பாதைக்குத் திரும்பியது, கால் சூடானது. இதிலும் பக்கவாதம் வரலாம், முள்ளந்தண்டுக்கு இரத்தம் குறைந்து கால்கள் இயங்காமல் போகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

கூட்டாளியின் வாப்பாவுக்கு டைப் ஏ. வீட்டார் ஸ்டென்ட் கேட்டார்கள். இதய வால்வும் இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் நாடிகளின் வாயும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன, சாதாரணமாக ஸ்டென்டால் மூடக்கூடிய இடமில்லை, நெஞ்சைத் திறந்துதான் ஒப்பரேஷன். வைத்தியம் செய்யாவிட்டால் முதல் 48 மணித்தியாலத்தில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் இறப்பார்கள் என்பது டொக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வாப்பாவின் வயதை நினைத்துத்தான் பிள்ளைகள் தயங்கினார்கள். இந்த ஒப்பரேஷனை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் டிபேக்கிக்கே 97 வயதில் டைப் ஏ வந்தது, 2006 பெப்ரவரியில் ஒப்பரேஷன் செய்தார்கள், 2008இல் 99 வயதில்தான் இறந்தார். அதை நான் சொன்ன பிறகுதான் கூட்டாளியின் உம்மா கொஞ்சம் தெளிந்தார். நெஞ்செலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, உடம்பைக் குளிர வைத்து, கிழிந்த துண்டை வெட்டி டேக்ரன் என்ற செயற்கைத் துணிக் குழாயைத் தைத்தார்கள். ஐசியுவில் நாள் கணக்காகக் கிடந்தார், இப்போது பள்ளிவாசலுக்கு நடந்தே போகிறார்.

ஸ்டென்ட் போட்டதால் மாமாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றில்லை. ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில், பிறகு வருடாவருடம் ஸ்கேன், பிரஷர் குளிசை ஆயுளுக்கும். வெள்ளாமை பார்க்கிறார், நெல் மூட்டையை மட்டும் தொட விடுவதில்லை. பிள்ளைகளுக்கும் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாயிற்று, பெருநாடி அளவு சரி. டைப் பி வந்து மருந்தோடு மட்டும் பல வருடம் இருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், மாமி அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.