மடக்குக் கத்தியின் மூட்டில் துரு, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பழைய மடக்குக் கத்தியை எட்டு மாதமாகத் தினமும் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். பூட்டு கிடையாது, முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் பிளேடைப் பிடித்து நிறுத்துகிறது. கார்பன் ஸ்டீல். ஆப்பிள் நறுக்கி நறுக்கி பிளேடில் சாம்பலும் நீலமுமாக ஒரு படலம் ஏறியிருக்கிறது. அது அவ்வளவு அழகு, செந்துரு போல அரிக்கவும் செய்யாது. தேய்த்து எடுக்க மனமில்லை.

சிக்கல் மூட்டில்தான். வியர்வையும் பாக்கெட் தூசியும் உள்ளே இறங்கி, திறக்கும்போது கரகரவென்கிறது. நேற்று வெள்ளைத் துணியால் ஒற்றினேன், செம்பழுப்பாக வந்தது. மூடும்போது வரும் ‘டக்’ சத்தமும் மங்கிவிட்டது.

சமையல் எண்ணெய் விட்டது என் தப்பு. சில வாரத்தில் பிசினாகிவிட்டது. இதிலேயே பழமும் நறுக்குவதால் மெஷின் ஆயில் வேண்டாம் என்று நினைக்கிறேன். உணவில் பட்டாலும் பாதகமில்லாத மினரல் ஆயில் போதுமா? அதற்கு முன் வெந்நீரில் அலசலாமா? கைப்பிடி எலும்பு, விரிசல் விடுமோ என்று பயம். ரிவெட்டைக் கழற்றும் யோசனை மட்டும் வேண்டாம், அப்பா கை பட்டபடியே இருக்கட்டும்.

தினமும் பழைய கத்தி வைத்திருப்பவர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விடுகிறீர்கள்?