3,35,50,336 என்ற நிறைவெண்: ஒரு நிறுவலுக்கு உதவி தேவை

கணித ஆர்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தன்னைத் தவிர்த்த தன் காரணிகள் எல்லாவற்றையும் கூட்டினால் தானே கிடைக்கும் நிறைவெண்களில் ஐந்தாவதான 3,35,50,336 பற்றி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித மன்றத்துக்குக் குறிப்புகள் தயாரித்து வருகிறேன். 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்குப் பின் ஒரே தாவலில் எட்டு இலக்கத்துக்குப் போய்விடும் இந்த எண் 4096 × 8191, அதாவது 2¹² × (2¹³ − 1). இரும முறையில் பதின்மூன்று ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து பன்னிரண்டு சுழியங்களுமாக அது நிற்பது பார்க்கவே அழகு. இது முக்கோண எண், அறுங்கோண எண் (அதாவது, இத்தனை புள்ளிகளை முக்கோண வடிவிலும் அறுங்கோண வடிவிலும் அடுக்கலாம்). 1 முதல் 127 வரையுள்ள ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வருகிறது. இதன் 26 காரணிகளின் இசைச் சராசரி (தலைகீழிகளின் சராசரியின் தலைகீழி) மிகச் சரியாக 13.

8191 பகா எண் என்பதைக் கரும்பலகையிலேயே காட்டிவிடலாம். அதன் பகாக் காரணி எதுவானாலும் 26-ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும் என்பதால், 8191-இன் வர்க்கமூலமான ஏறத்தாழ 90-க்குள் 53, 79 ஆகிய இரண்டை மட்டும் சோதித்தால் போதும். முறையே 29, 54 மீதியாகின்றன. இந்த 26 எங்கிருந்து வந்தது என்பதை ஃபெர்மாவின் சிறு தேற்றம் (பகா எண் p-ஆல் வகுபடாத எந்த முழு எண் a-க்கும் aᵖ⁻¹ − 1 என்பது p-ஆல் வகுபடும்) அறியாத மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

இதைவிட முக்கியமானது அடுத்த கேள்வி. இரண்டின் ஒரு படியிலிருந்து 1-ஐக் கழித்துப் பகா எண் கிடைத்தால், அதை இரண்டின் முந்தைய படியால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்ற யூக்ளிடின் முடிவைக் கூட்டிக் காட்டியே விளக்க முடிகிறது. ஆனால் இரட்டை நிறைவெண்கள் அனைத்தும் இவ்வடிவில்தான் அமையும் என்ற ஆய்லரின் மறுதலைக்கு, பள்ளி இயற்கணிதத்தைத் தாண்டாத, அதே சமயம் இடைவெளி எதுவும் விடாத ஒரு நிறுவலை, இயன்றால் 496-ஐ எடுத்துக்காட்டாகக் கொண்டு, படிப்படியாக எழுதித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.