1.2 லிட்டர் ப்யூர்டெக் டர்போ: பழைய காரை வாங்கலாமா?

கேள்வி: பிரான்சில் வசிக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் பெஜோ 308 ஒன்று விலைக்கு வருகிறது. எரிபொருள் குறைவாகத்தான் செலவாகும். ஆனால் அதிலுள்ள 1.2 லிட்டர் ப்யூர்டெக் டர்போ எஞ்சின் நீடித்து உழைக்குமா?

பதில் 1: டர்போவைவிட, எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்தான் கவலைக்குரியது. உராய்வைக் குறைப்பதற்காக அதை ஆயிலுக்குள்ளேயே ஓடவிட்டிருக்கிறார்கள். குறுந்தூரப் பயணங்களில் பெட்ரோல் ஆயிலில் கலக்கும்போது ரப்பர் ஊறி உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்துவிடுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பெல்ட் தெரியும். வெடிப்போ உப்பலோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பதில் 2: சர்வீஸ் ரசீதுகளையும் கேளுங்கள். முறையாகப் பராமரித்த எஞ்சின்களுக்கு பெஜோவின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2024-இல் 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை வாரண்டிப் பாதுகாப்பு அறிவித்தது. 2023 முதல் வந்த ஹைப்ரிட் வகையில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி உள்ளது. பணம் இடம்கொடுத்தால் அதையே பரிந்துரைப்பேன்.