புதுப்பிப்பு: கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டாள்

அம்மா இறந்த பிறகு காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்தேன், கட்டிலுக்கு அடியைவிட்டு வெளியே வரவே மறுக்கிறாள் என்று முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இப்போது வருகிறாள்! நீங்கள் சொன்னபடியே, கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. அப்புறம் என் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டாள். நான் அழுதால் இப்போது ஓடிப்போவதில்லை. முன்னங்காலால் என் கையைத் தட்டுகிறாள்.

நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இரு தரப்பிலும் ஆக்ஸிடோசின் (பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஹார்மோன்) கூடுகிறது என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை நம்ப எனக்குச் சிரமமே இல்லை.

மனநல ஆலோசகரிடம் போவதை நிறுத்தவில்லை, அது தனி. ஆனால் காலையில் என்னை எழுப்பிவிடுவது இவள்தான். இடிச் சத்தத்துக்கு மட்டும் இன்னும் நடுங்குகிறாள். என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.