ஆளில்லாத கரைக்குக் கிளம்பும் முன்

ஒரு கரை காலியாகக் கிடந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: சாலை எட்டவில்லை, அல்லது கடல் சரியில்லை. முதல் வகையைத் தேடிப் போங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் பஸ் நிறுத்தத்துக்கும் மணலுக்கும் நடுவே 2, 3 கிலோமீட்டர் நடை விழுகிற இடமாகப் பாருங்கள். காரில் வருகிறவர்கள் அவ்வளவு தூரம் இறங்கி நடக்க மாட்டார்கள். போகிற பஸ்ஸைவிடத் திரும்புகிற கடைசி பஸ்ஸின் நேரம்தான் முக்கியம். அதை விட்டால் மிச்சம் பிடித்த காசெல்லாம் ஒரே வாடகை வண்டியில் போய்விடும். வழியில் ஆற்று முகத்துவாரம் குறுக்கிட்டால் படம் எடுத்த தேதியையும் பாருங்கள். மணல்திட்டு ஒரே வெள்ளத்தில் உடைந்து இடம் மாறும். படத்தில் நடந்து கடக்கலாம் போலத் தெரிவது நேரில் கழுத்தளவு இருக்கலாம்.

*

பஸ் கணக்கோடு ஓதக் கணக்கையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தையும், சேர்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மணலில் கால் புதைந்து நடை பாதியாகிவிடும். நீர் வற்றும்போது வெளிப்படுகிற ஈர மணல்தான் கெட்டியான பாதை. பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி 12 நிமிடம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும்.

நீர் ஒரே சீராக ஏறாது. மொத்த ஏற்றத்தை 12 பங்காக வைத்தால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி வந்துவிடும். பாறை முனையைச் சுற்றிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். முதல் ஒரு மணி நேரம் நீர் அசையாத மாதிரி இருக்கும். இன்னும் நேரம் இருக்கிறதென்று உட்கார்ந்துவிடுவார்கள். நீர் முழுக்க வற்றுவதற்கு ஒரு மணி முன்பு முனையைத் தாண்டுங்கள், வற்றிய பிறகு ஒரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டுமே அதிகம். ஓத நேர அட்டவணை சொல்வதற்கு மேலும், கரையை நோக்கி வீசும் பலத்த காற்று நீரைத் தள்ளிக்கொண்டு வரும்.

*

நிழலுக்குக் கூடாரம் வாங்க வேண்டியதில்லை. 3-க்கு 2 மீட்டர் தார்பாய், நாலு துணிப்பை, கயிறு, ஊன்ற இரண்டு கம்பு போதும். கயிறு கட்ட அடிக்கிற சாதாரண முளை உலர்ந்த மணலில் நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, முழங்கை ஆழக் குழியில் கயிற்றுக்குக் குறுக்காகப் படுக்கவைத்து மூடி மிதியுங்கள். ஈர மணல் போட்டு மூடினால் இன்னும் பிடிக்கும். காற்று வரும் பக்கத்துத் தார்பாய் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். பிற்பகலில் கடல்காற்று வலுக்கும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், ஒரு பகலுக்கு. கனம்தான், ஆனால் குறைக்காதீர்கள்.

*

முதலில் சொன்ன இரண்டாவது வகை, கடல் சரியில்லாத கரை. அதைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். மணல் பருமனாக, கரை செங்குத்தாக இறங்கினால் அலை கரையிலேயே விழுந்து உடையும். முழங்கால் ஆழத்தில்கூட ஆளைப் புரட்டிப் போடும். சரிவு குறைந்த கரையில் வேறு ஆபத்து. இருபுறமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். நுரையும் கலங்கல் மணலும் அந்த வழியாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். குளிக்க நல்ல இடம் என்று பார்த்தவுடன் தோன்றுவது அதுதான், ஆளை இழுத்துப் போகிற நீரோட்டமும் அதுதான். மேட்டில் நின்று கால் மணி நேரமாவது பார்த்துவிட்டு இறங்குங்கள். சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதாமல் மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு திரும்புங்கள். தனியாகப் போகிறவர் கடலில் இறங்காமல் இருப்பதே நல்லது. கூப்பிட்டால் வர அங்கே யாரும் இல்லை.

*

சமைக்கிறவர்களுக்கு ஒன்று. குப்பியின் தலையிலேயே திருகுகிற கேஸ் அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பை முழுதாக மூடாதீர்கள், சூடு திரும்பிக் குப்பி வெடிக்கலாம். காற்று வரும் ஒரு பக்கத்தை மட்டும் மறையுங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். முன்பே இறக்கி வைத்த வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் அதிலும் வேலை செய்யும்.